புதுசு வேண்டாம், நல்லது குடுங்க

ஸ்விட்சைப் போட்டதும் புத்தம்புது கெபாசிட்டர் பட்டென்று வெடித்தது. நான் செய்துகொண்டிருக்கும் ஆம்ப்ளிஃபையரில் இதோடு மூன்று போச்சு. பார்க்க மட்டும் என்ன பளபளப்பு! கல்கத்தா லேக் கார்டன்ஸ் வீடு முழுக்க மீன் கருகிய நாற்றம்.

சின்ன வயதில் எங்கள் ஹவுரா ரயில்வே குவார்ட்டர்ஸிலும் இதே நாற்றம் அடித்தது. சமையலறைத் தரையில் உட்கார்ந்து அம்மா தானே செய்த ரேடியோ, மகாளயாவுக்கு முந்தைய நாள் புகைந்துவிட்டது. மகாளயா விடியற்காலையில் துர்க்கை பாட்டுக் கேட்க ஊரே ரேடியோ முன்னால் உட்காரும்.

"எங்க வீட்டுக்கு வந்து கேளுங்க" என்றாள் பக்கத்து வீட்டு மாஷிமா.

"இது பாடும். நீங்க இங்க வாங்க" என்றாள் அம்மா.

என்னையும் இழுத்துக்கொண்டு ஆற்றுக்கு அந்தப்பக்கம் போக ஃபெர்ரி ஏறினாள். ரேடியோ சாமான் கடையில் தன் மீட்டரை எடுத்துவைத்து ஒவ்வொரு கெபாசிட்டராகச் சோதித்தாள். முள் எழும்பாததையெல்லாம் ஒதுக்கித் தள்ளினாள்.

"அண்ணி, எல்லாம் புது மால்" என்று கடைக்காரர் சலித்துக்கொண்டார்.

"புதுசு வேண்டாம் அண்ணா, நல்லது குடுங்க."

மறுநாள் விடியலில் மாஷிமா எங்கள் வீட்டுத் தரையில் உட்கார்ந்துதான் பாட்டுக் கேட்டாள்.

"ரெடிமேடா ஒரு ஆம்ப்ளிஃபையர் வாங்கிக்கோயேன்" என்கிறார் இப்போது என் கணவர்.

கடை திறந்திருக்கும். அம்மாவின் மீட்டரைப் பையில் போட்டுக்கொண்டு செருப்பை மாட்டுகிறேன்.