இனிப்புச் சோஸ்

கலியாணமான புதிதில் ஒருநாள் மனைவி கோழிக்கறியில் கொஞ்சம் சீனி சேர்த்திருந்தாள். "இது கறியோ, பாயாசமோ?" என்று அவளுடைய தமையன்மாருக்கு முன்னால் கேட்டு, சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்தேன். அதன்பின் நாற்பது ஆண்டுகள் எங்கள் வீட்டுக் கறி உறைப்பாகவே இருந்தது. அவளுக்கு உறைப்பு ஒத்துக்கொள்ளாது என்பது தெரிந்தும் பேசாமல் சாப்பிட்டேன்.

போன கிழமை அவள் கிணற்றடியில் வழுக்கி விழுந்து வலக்கை முறிந்ததால், சமையல் என்னிடம் வந்தது. கோழியும் கரட்டும் போஞ்சியும் தாச்சியில் வதங்கிக்கொண்டிருந்தன. கனடாவிலிருந்து வந்த மகள் வாங்கி வைத்துப் போன இரண்டு சோஸ் போத்தல்களையும் மனைவியிடம் காட்டினேன்.

"இது உறைப்பு, இது இனிப்பு. எதை விடுறது?"

"உங்களுக்கு விருப்பமானதை விடுங்கோ."

"உம்மடை விருப்பத்தைத்தான் கேக்கிறன்."

"பிறகு பாயாசம் எண்டு சொல்லமாட்டியளோ?"

அவள் அந்தச் சொல்லை மறக்கவில்லை. "அண்டைக்கு நான் அப்பிடிச் சொன்னது பிழை," என்றேன். "இதை எப்பவோ சொல்லியிருக்க வேணும்."

"அப்ப இனிப்பையே விடுங்கோ."

அரைப் போத்தல் விட்டுவிட்டேன். சாப்பிடும்போது எனக்குத் திகட்டியது. அவள் இடக்கையால் கோப்பையை நீட்டி, "இன்னும் கொஞ்சம் போடுங்கோ," என்றாள்.