ஹெதருக்குக் கவாத்து

எனக்குச் செடி வெட்டத் தெரியாது என்று யாராவது சொன்னால் கோபம் வரும். நான் நிலக்கோட்டைப் பக்கத்து ஆள். மல்லிகைக்குக் கவாத்து செய்யும் ஊர். கார்த்திகையில் முழங்கால் உயரம் விட்டு மொட்டையடிப்போம். பங்குனியில் மொட்டு பறித்து மாளாது. இந்த ஒரே பாடத்தை வைத்துக்கொண்டுதான் நியூஜெர்சியில் என் மனைவியின் ஹெதர் செடிகளைக் கொன்றேன்.

மொத்தம் மூன்று. வாசல் படியோரம் அவளே நட்டவை. குட்டைப் புதர், ஊசி ஊசியாய் இலை, பார்க்க ஒன்றும் பிரமாதமில்லை. ஆனால் ஜனவரியில், வீட்டுக்குள் ஹீட்டர் பக்கத்தில் வைத்து நான் தாங்குகிற மல்லிகைத் தொட்டி வெறும் குச்சியாய் நிற்கும்போது, இவை வெளியே பனிக்கு நடுவில் ரோஸ் நிறத்தில் பூத்துக் கிடக்கும். எனக்கு அதில் கொஞ்சம் எரிச்சல் உண்டு.

இந்த வருடம் மாமியாருக்கு இடுப்பில் ஆபரேஷன். மனைவி இரண்டு மாதத்துக்குக் கோயம்புத்தூர் கிளம்பினாள். ஏர்போர்ட் போகும் வழியில் சொன்னாள்: "பூ முடிஞ்சதும் நுனிய மட்டும் லேசா ட்ரிம் பண்ணுங்க. வேற ஒண்ணும் பண்ணாதீங்க. உரம் கிரம் எதுவும் வேண்டாம்."

ஆஸ்பத்திரி வராண்டாவிலிருந்து தினமும் வீடியோ கால் வரும். நான் அத்தை எப்படி என்று கேட்பேன், அவள் செடி எப்படி என்று கேட்பாள். போனைத் திருப்பிக் காட்டுவேன். "இதப் பாத்தாத்தான் நம்ம வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கு," என்பாள்.

ஏப்ரலில் பூ காய்ந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கத்தரியை எடுத்தேன். நுனி மட்டுமாம்! நுனியைக் கிள்ளினால் எந்தச் செடி துளிர்க்கும்? முதல் செடியை இலையில்லாத பழுப்புக் கட்டை வரை, நாலு விரல் உயரம் விட்டு வெட்டினேன். இரண்டாவதையும் அப்படியே. அதோடு விட்டேனா? தக்காளிக்கு வாங்கிய உரத்தில் மிச்சமிருந்ததைத் தூவி, கறிவேப்பிலைக்கு ஊற்றும் புளித்த மோரையும் ஊற்றினேன். மூன்றாவதன் பக்கம் திரும்பியபோது மழை பிடித்துக்கொண்டது. உள்ளே வந்துவிட்டேன்.

மூன்று வாரம் ஆகியும் ஒரு துளிர்கூட இல்லை. குச்சியை நகத்தால் கீறினால் உள்ளேயும் பழுப்பு. அப்புறம்தான் மண்ணில் செருகியிருந்த பிளாஸ்டிக் அட்டையைத் துடைத்துப் படித்தேன். பச்சை இருக்கும் இடத்துக்குக் கீழே வெட்டாதே, பழைய கட்டை துளிர்க்காது, உரம் போடாதே. ஆபீசில் டாகுமென்டேஷனைப் படிக்காமல் சாஃப்ட்வேர் கோடில் கை வைக்கிறவர்களைத் தினம் திட்டுகிறவன் நான். சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி.

கத்தரி பிடித்த நாளிலிருந்தே போனில் மூன்றாவது செடியை மட்டும் கிட்டத்தில் காட்டிக்கொண்டிருந்தேன். துளிர்த்த பிறகு மற்ற இரண்டையும் காட்டி அசத்தலாம் என்று நினைப்பு. கடைசியில் ஒருநாள் அவளே கேட்டாள்: "மத்த ரெண்டு எங்க?"

காட்டினேன்.

"ஒண்ணும் பண்ணாதீங்கன்னுதானே சொன்னேன்? உங்களால ஒண்ணும் பண்ணாம இருக்கவே முடியாதா?"

அவள் சாம்பாரில் நான் அள்ளிப் போட்ட உப்பும், அவள் ரெஸ்யூமில் கேட்காமலே திருத்திய வரிகளும் ஞாபகம் வந்தன. என் மேலேயே எனக்கு ஆத்திரமாக வந்தது.

அவள் திரும்பும் வரை அந்த ஒற்றைச் செடியைத் தொடவில்லை. தினமும் கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு அதைக் கடந்து போனேன்.

வந்த அன்று, நான் காரிலிருந்து பெட்டியை இறக்குவதற்குள் அவள் படியோரம் உட்கார்ந்துவிட்டாள். காய்ந்த பூக்களை விரலால் உதிர்த்தபடி, கோபமில்லாத குரலில் கேட்டாள்: "இத மட்டும் எப்படி விட்டுவச்சீங்க?"

நீ சொன்னது ஞாபகம் வந்தது என்று சொல்ல வாய் வரை வந்துவிட்டது.

"மழை வந்துடுச்சு," என்றேன்.