என் குரல் கேட்டால் யாரோ மௌத்து

ஒலிபெருக்கிக் காரில் ஊர்ச்செய்தி சொல்கிறவன் சொல்வது ஒன்று, ஊர் கேட்பது இன்னொன்று. நீங்களும் அப்படி அவதிப்பட்டவர்கள் என்றால் என் கதை விளங்கும். எழுபதுகளின் கடைசியில் கல்முனையில் ஒரு பிடவைக்கடை முதலாளியிடம் எனக்கு அந்த வேலை. கடைக்கு நல்ல பேர் கிடைக்கட்டும் என்று, ஊரில் விழுகிற மௌத்துகளை, அதாவது சாவுச் செய்திகளையும் அதே காரில் இனாமாக அறிவிக்கச் சொன்னார். அந்த யோசனை அவருடையது. இதை மறந்துவிடாமல் வாசியுங்கள்.

மலிவு விற்பனை

பெருநாளுக்கு முன் சாரி மலிவு என்று அறிவித்துக்கொண்டு போனேன். என் குரல் சந்தியில் திரும்பியதுமே தேநீர்க்கடையில் ரேடியோவை நிறுத்தினார்கள். ஆண்கள் தொப்பியை எடுத்துத் தலையில் போட்டார்கள். “பட்டுச் சாரி பாதி விலை” என்று தொண்டை கிழியக் கத்தினேன். அக்கா வயதில் ஒரு ராத்தா கண்ணைத் துடைத்தபடி வேலியடிக்கு வந்தார்.

“சாரி கிடக்கட்டும் தம்பி, ஆரு மௌத்து? அத முதல்ல சொல்லு!”

சிரித்துப் பார்த்தது

விற்பனை படுத்துவிட்டது. குரலை மாற்றாவிட்டால் வேறு ஆள் பார்ப்பேன் என்றார் முதலாளி. எனக்குப் படிப்பும் இல்லை, வேறு தொழிலும் தெரியாது. அடுத்த நாள் சம்மாந்துறைப் பக்கம் சிரித்துச் சிரித்து அறிவித்தேன். வயலில் நின்றவர்கள் வரம்பேறி வந்து காரை மறித்தார்கள். மூத்தவர் ஒருவர் கேட்டார்:

“மௌத்துச் செய்திய இளிச்சி இளிச்சிச் சொல்றியே, நீயும் ஒரு மனிசனாடா?”

முதலாளி சுகம்

குடல்வால் ஒப்பரேஷனுக்குப் போன முதலாளி மௌத்தாகிவிட்டார் என்று ஊரில் ஒரு கதை பரவியது. அவர் வீட்டுக்கு வந்ததும் என்னைக் கூப்பிட்டார். “நான் உசிரோட இரிக்கன் எண்டு ஊரெல்லாம் சொல்லு. ஒழுங்காச் சொன்னா வேலை ஒனக்குத்தான்.”

ஒழுங்காகத்தான் சொன்னேன். ஆனால் என் வாயில் அவர் பேர் வந்ததோடு ஊருக்குப் போதுமாகிவிட்டது. மிச்சத்தை யாரும் கேட்கவில்லை. நான் திரும்பி வரும்போது கடைகள் பூட்டியிருந்தன. மையித்தை, அதாவது பிரேதத்தை, வைத்துத் தூக்கும் சந்தூக்குப் பெட்டி அவர் வாசலில் நின்றது. முதலாளி பனியனோடு வெளியே வந்து, “நாளைக்கு இந்தப் பக்கம் வராத!” என்று என்மேல் பாய்ந்தார். அப்போது கபுறுக்குழி வெட்டுகிற காக்கா ஒருவர் மண்வெட்டியோடு, வேர்க்க விறுவிறுக்க வந்து நின்றார்.

“அவன ஏசுறது இரிக்கட்டும் முதலாளி, கபுறு வெட்டியாச்சு. இப்ப என்ன செய்ற?”

என் இடத்துக்கு வந்த புதியவரை முதலாளி மலிவு விற்பனையைத் தவிர வேறொன்றும் அறிவிக்க விடவில்லை. அதனால் பல வருடம் கழித்து அவர் உண்மையிலேயே மௌத்தான செய்தியைப் புதியவர் சொன்னபோது ஊரே பையோடு கடைக்கு ஓடியது, மையித்து வீட்டுக்கு முதலில் போனவன் நான்தான்.