சமையலறை வழியாகத் தெரிவு செய்த கோல்ஃப் மைதானங்கள்

இத்தாலியின் பலெர்மோவில் இருந்து பிரெஞ்சுக் கடற்கரைக்குக் கோல்ஃப் விளையாடப் போகிற தமிழர்கள் எத்தனை பேர் இதை வாசிப்பீர்கள் என்று தெரியவில்லை. மன்னாரில் பிறந்து, பலெர்மோவின் ஒரேத்தோப் பகுதியில் குடியிருக்கிற நானே போய்விட்டு வந்திருக்கிறேன் என்றால் நீங்களும் தாராளமாகப் போகலாம்.

போன காரணம் சிஞ்ஞோர், அதாவது என் முதலாளி ஐயா. லிபெர்த்தா வீதி வீடொன்றில் நான் பார்த்துக்கொள்கிற எழுபத்தொன்பது வயதுக்காரர், பத்திரம் எழுதும் நொத்தாரிசாக இருந்து ஓய்வுபெற்றவர். இடுப்பு எலும்புச் சத்திரசிகிச்சைக்குப் பிறகு ஒரு வருடமாக, நான் கை கொடுக்காமல் அவர் கதிரையை விட்டு எழும்பியதில்லை. அவருடைய மகள் சிஞ்ஞோரா, இனி எதற்கு என்று அவருடைய கோல்ஃப் மட்டைகளை விற்க ஆளே பார்த்துவிட்டார். அதைக் கேட்ட சிஞ்ஞோர் மூன்று நாள் உண்ணாவிரதம் இருந்தார் (ஐஸ்கிறீம் கணக்கில் இல்லை). கடைசியில் ஈஸ்டர் முடிந்த கையோடு ஒரு பயணம் என்று உடன்பாடு வந்தது. மைதானம் தட்டையாக இருக்கவேண்டும். ஒன்பது குழிக்கு மேல் விளையாடக்கூடாது. ஒரு தடவை விழுந்தாலும் மட்டைகள் விற்கப்படும். மைதானங்களைத் தெரிவு செய்வது அவரல்ல, நான்!

எனக்குக் கோல்ஃப் பற்றித் தெரிந்தது, அந்தப் பை சரியான பாரம் என்பது மட்டும்தான். இணையத்தில் பார்த்தால் எல்லா மைதானமும் பச்சையாக இருந்தது. ஆகவே வேலை தேடும்போதும் வீடு தேடும்போதும் எங்கள் ஆட்கள் செய்வதையே செய்தேன். அங்கே வேலை செய்கிற தமிழர் யார் என்று விசாரித்தேன். ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் நின்ற அரை மணி நேரத்தில் இரண்டு தொலைபேசி எண்கள் கைக்கு வந்தன.

முதலாவது, கான் நகரில் ஹோட்டல் சலவைப் பகுதியில் வேலை செய்யும் மலர் அக்கா. "பிள்ளை, கடற்கரைப் பக்கம் ஒரு மைதானம் இருக்கு. அங்கை விளையாடிப்போட்டு வாறவையின்ரை கால்சட்டையிலை ஒரு சொட்டுச் சேறு இராது. நான்தானே தோய்க்கிறன்" என்றார். இரண்டாவது, நீஸுக்குப் பின்னால் ஒரு கோல்ஃப் கிளப்பின் சமையலறையில் இருக்கும் அன்ரன் அண்ணை. "ஓம் தங்கச்சி, நல்ல தட்டை. ஒன்பது வருசமா இஞ்சைதானே நிக்கிறன், எனக்குத் தெரியாதே?" என்றார். இரண்டையும் பதிவு செய்தேன்.

காலை 6.40 விமானம், ரோமில் மாறி, பதினொன்றரைக்கு நீஸ். அங்கிருந்து கானுக்கு ரயிலில் நாற்பது நிமிடம். ஒன்பது குழிக்கு 48 யூரோ. கூட நடக்கிறவர்களுக்கு இலவசம்; பை இழுக்கிறவர்களுக்குச் சம்பளம் தரலாம், தரமாட்டார்கள்.

மலர் அக்காவின் கணிப்பு அச்சொட்டாகச் சரி. மைதானம் தோசைக்கல் போலக் கிடந்தது. எனக்கு மனம் குளிர்ந்தது. சிஞ்ஞோர் நாலாவது குழியில் கொட்டாவி விட்டார். ஐந்தாவதில் சுற்றிப் பார்த்துவிட்டு, "இது கல்லறைத் தோட்டம். குழியையும் வெட்டி வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள்" என்றார். ஆறாவதோடு நிறுத்தி, ஹோட்டலுக்குப் போய்ப் படுத்துவிட்டார்.

அடுத்த நாள் நீஸ் ரயில் நிலையத்தில் இருந்து டாக்ஸி, 25 நிமிடம், 45 யூரோ. வழி முழுக்க டாக்ஸி மேலே மேலே ஏறியது. அன்ரன் அண்ணை சொன்னபடி பின் கேற்றால் போனோம். அவருக்கு அதுதான் வாசல். வெங்காய மூட்டைகளுக்கும் பாத்திரம் கழுவும் இடத்துக்கும் நடுவால் நொத்தாரிசு ஐயா தொப்பியும் கையுறையுமாக நடந்துபோய், கோழிக்கறியை ருசி பார்த்து, உப்புக் குறைவு என்றும் சொன்னார். பிறகு முன்பக்கம் வந்தோம். மைதானம் மலையில் ஏறிப் போய்க்கொண்டிருந்தது.

"அண்ணை, தட்டை எண்டியள்!"

"கார் விடுற இடம் தட்டைதானே தங்கச்சி. அதுக்கு அங்காலை நான் ஒருநாளும் போனதில்லை."

ஒன்பது வருடம்! பற்றரி வண்டி எடுக்கலாம் என்றால் சாரதி அனுமதிப்பத்திரம் கேட்டார்கள். என்னிடம் இல்லை, சிஞ்ஞோருடையதை மகள் எப்போதோ பறித்துவிட்டார். "திரும்பிப் போவம்" என்றேன். சிஞ்ஞோர் மலையைப் பார்த்தார். ஒரு வருடமாக அந்த முகத்தில் நான் காணாத வெளிச்சம். "ஏறுவோம்" என்றார்.

மூன்று மணியில் இருந்து ஐந்தரை வரை அன்ரன் அண்ணைக்கு ஓய்வு நேரம். ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் பையை இழுத்தார். நான் மடு மாதாவுக்கு நேர்த்தி வைத்துக்கொண்டு புட்டுப் பொதியோடு பின்னால் போனேன். நாலாவது குழியில் கடல் முழுதாகத் தெரிந்தது. "என்ரை கடவுளே, எங்கடை கிளப்பிலை இப்பிடி ஒரு இடமே!" என்று அன்ரன் அண்ணை பையை விட்டுவிட்டார். அது உருண்டு இரண்டாவது குழி வரை போனது.

ஏழாவதில் அது நடந்தது. சரிவில் கால் வழுக்கி, சிஞ்ஞோர் பொத்தென்று நிலத்தில் இருந்துவிட்டார். நான் கத்திக்கொண்டு ஏறினேன். மூச்சு வாங்கிப் போய்ச் சேர்வதற்குள் அவர் மட்டையை ஊன்றி, ஒரு முழங்காலில் நின்று, எழும்பிவிட்டார். என் கை இல்லாமல்! எழும்பி, பந்தையும் அடித்தார். பந்து பற்றைக்குள் போனது. அதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை.

அன்றிரவு முழுக்க ஒரு பொய்யைத் தயார் செய்தேன். புல் ஈரம், கால்சட்டையில் கறை பிடித்துவிட்டது, அவ்வளவுதான் என்று. பலெர்மோ விமான நிலையத்தில் சிஞ்ஞோரா நேராக என்னிடம் வந்து, "அப்பா விழுந்தாரா?" என்று கேட்டார். நான் வாயைத் திறக்கமுதல் சிஞ்ஞோர், "விழுந்தேன். பார்" என்று சொல்லிவிட்டு, பயணிகள் வெளியே வரும் வாசலுக்கு முன்னாலேயே தரையில் அமர்ந்துவிட்டார். ஆட்கள் கூடினார்கள். பொலிஸ்காரர் ஒருவர் ஓடி வந்தார். குனிந்த மகளையும் நீட்டிய என் கையையும் தட்டிவிட்டு, பையில் இருந்து ஒரு மட்டையை உருவி ஊன்றி, முனகி, வியர்த்து, அவராகவே எழும்பி நின்றார்.

போகிறவர்களுக்கு என் ஆலோசனை: சலவை செய்பவர்களை நம்புங்கள். சமையலறையில் கேட்டால், எவ்வளவு தூரம் நடந்து பார்த்தீர்கள் என்றும் கேளுங்கள். அனுமதிப்பத்திரம் உள்ள ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். விளையாடப் போகிறவரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். நான் கேட்கவில்லை.

சிஞ்ஞோரா அங்கேயே நின்று அழுதார். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, மட்டை வாங்க இருந்தவருக்குத் தொலைபேசி எடுத்து, "மன்னிக்கவேண்டும், அது அப்பாவுக்குத் தேவைப்படுகிறது" என்றார்.