வேட்டி போன பக்கம்

ஏரலுக்கு மேற்கே ஆற்றங்கரைக் கிராமம் ஒன்றில் மந்திரமூர்த்திக்கு இரண்டு கோட்டை விதைப்பாடு வயலும் நான்கு பிள்ளைகளும் ஓயாத வாயும் இருந்தன. இதெல்லாம் ஊரில் பலருக்கும் உண்டு. அவருக்கென்று தனியாக இருந்தது நீச்சல்தான். வெள்ளக் காலத்தில்கூடத் தாமிரபரணியின் அக்கரையைத் தொட்டுவிட்டு, இறங்கிய அதே படியில் வந்து ஏறுவார். அந்த ஊரில் நீச்சலுக்கு அதுதான் அளவு. நாலு படி தள்ளி ஏறினால், "என்ன மச்சான், ஆறு உம்மைச் சொமந்துட்டு வந்துச்சாக்கும்?" என்று துறையில் நிற்கிற பெண்கள்கூடக் கேட்டுவிடுவார்கள். நாற்பத்தைந்து வயது வரை மந்திரமூர்த்தியை ஒருவரும் அப்படிக் கேட்டதில்லை.

1973 மாசியில், பிசான அறுவடை முடிந்த கையோடு, மனைவி சங்கரம்மாளுடன் திருச்செந்தூர் போனார். கோயில் முன்னால் கடலில் ஜனங்கள் இடுப்பளவுத் தண்ணீரில் கைகோத்து நின்று, அலை வந்தபோதெல்லாம் கூச்சல் போட்டார்கள்.

"இதுக்கு வீட்டு அண்டாவுலயே குளிச்சிருக்கலாமே. வா ஏளா" என்று வடக்கே நடந்தார்.

கூட்டம் இல்லாத இடத்தில் பிலோமினா என்ற மீனவப் பெண் மணலில் நெத்தலி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அங்கே இரண்டு பக்கமும் அலை நுரைத்து விழுந்தது. நடுவில் மட்டும் தண்ணீர் சாதுவாகக் கிடந்தது. ஆற்றுக்காரர் கண்ணுக்கு அதுதான் நல்ல துறையாகப் பட்டது.

"அண்ணாச்சி, அங்கன எறங்காதிய! அலையில்லாத எடத்துலதான் நீவாடு ஓடும், ஆள உள்ள இழுத்துட்டுப் போயிரும்" என்றாள் பிலோமினா.

"தாயி, நான் ஆத்து வெள்ளத்தையே எதுத்து நீந்துதவன்."

வேட்டியை அவிழ்த்துச் சங்கரம்மாளிடம் கொடுத்தார். "இங்கனயே நில்லு. நீ நிக்கிற எடத்துலதான் ஏறுவேன்" என்று சொல்லிவிட்டுக் கோவணத்தோடு பாய்ந்தார்.

பத்து வீச்சுதான் போட்டிருப்பார். திரும்பிப் பார்த்தால் கரை எங்கேயோ இருந்தது. சங்கரம்மாளைக் குறிவைத்து நீந்தினார். அவளோ சின்னவளாகிக்கொண்டே போனாள். ஆறு எத்தனை முரண்டு பிடித்தாலும் ஒரு முழமாவது விட்டுக்கொடுக்கும். இது அரை விரல்கூட விடவில்லை. கொஞ்சம் பக்கவாட்டில் ஒதுங்கியிருந்தால் தப்பியிருப்பார். ஆனால் அவள் நிற்கிற இடத்தில் அல்லவா ஏற வேண்டும்! உப்புத்தண்ணீர் வாய்க்குள் போனது. பிறந்ததிலிருந்து முதல்முறையாகத் தண்ணீரைக் கண்டு பயந்தார். நன்றாகவே பயந்தார்.

சங்கரம்மாள் வயிற்றில் அடித்துக்கொண்டு, "வந்துருங்க, வந்துருங்க" என்று கத்தினாள். பிலோமினா ஓடி வந்தாள்.

"எக்கா, இங்கன நின்னு கூப்பிடாதிய! நேரா உங்களப் பாத்தே வாராரு, அதான் மாட்டிக்கிட்டாரு. தெக்க கோயிலப் பாத்து நடங்க! அவரும் அந்தப் பக்கம் ஒதுங்கிட்டாருன்னா அலையே கொண்டாந்து போட்டுரும்."

சங்கரம்மாளுக்குக் கடல் புரியவில்லை. ஆனால் புருஷனை அவளுக்கு நன்றாகப் புரியும். வேட்டியை உயரத் தூக்கி அவர் பார்க்கும்படி ஆட்டினாள். பிறகு அதைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கோயில் பக்கமாக விறுவிறுவென்று நடையைக் கட்டினாள்.

"ஏளா! வேட்டியத் தூக்கிட்டு எங்க போற?"

அவள் திரும்பவில்லை. மந்திரமூர்த்தி நாலு வசவை விட்டுக்கொண்டே, அவள் போன பக்கமாகக் கையை வீசினார். சிறிது தூரத்தில் இழுப்பு விட்டது. பின்னாலிருந்து வந்த ஓர் அலை அவரை அப்படியே தூக்கி, மொட்டை போட்டுவிட்டுக் குளிக்க வந்த ஒரு குடும்பத்தின் நடுவில் கோவணத்தோடு உட்கார்த்திவைத்தது.

ஊருக்குத் திரும்புகிற பஸ்ஸில் சங்கரம்மாள் சொன்னாள்: "நான் கூப்பிட்டா வரமாட்டிய. வேட்டி போனா வருவியன்னு நெனச்சேன்."

அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "வேட்டிக்கா வந்தேன்? நீ போயிருவியோன்னுல்லா வந்தேன்."

மறுநாள் காலையில் மந்திரமூர்த்தி ஆற்றில் இறங்கி அக்கரையைத் தொட்டுவிட்டுத் திரும்பினார். இறங்கிய படிக்கு ஏழெட்டுப் படி தள்ளி, அவர் வேட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சங்கரம்மாள் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். நேராக அவள் பக்கத்தில் போய் ஏறினார்.

துறையே வாயைப் பிளந்தது. "என்ன மச்சான், ஆறு உம்மைச் சொமந்துட்டு வந்துச்சாக்கும்?" என்றாள் ஒருத்தி.

"ஆமா" என்று சொல்லிவிட்டு, மனைவியிடம் வேட்டிக்குக் கையை நீட்டினார்.