காதை மோந்து பார்த்த நர்ஸம்மா

நர்ஸம்மாவின் பீங்கான் தட்டை நினைத்தாலே மருந்து வாடை மூக்கில் ஏறுகிறது. சிரங்குக்கு மஞ்சள் களிம்பு, வாய்ப்புண்ணுக்கு ஊதா மருந்து, காதில் விட்டதும் சோடா மாதிரி பொங்குகிற மருந்து ஒன்று. ஐம்பதுகளில், கந்தர்வக்கோட்டைப் பக்கம் இருந்த எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் புதன்கிழமைதோறும் பஸ்ஸில் வந்து இறங்குவார். வேப்பமரத்தடியில் பெஞ்சைப் போட்டதும் வரிசை நின்றுவிடும். நோவு இல்லாததுகளும் நிற்கும். ஊதா நாக்கை நீட்டிக் காட்டிக்கொண்டு திரிவதில் அப்படியொரு பெருமை.

எனக்கு அந்தப் பெருமை வாய்க்கவில்லை. எனக்குக் காதில் சீழ். நாற்றம் தாங்காமல் மணியக்காரர் மகள் என் பக்கத்தில் உட்கார மாட்டேன் என்று அழ, வாத்தியார் என்னைக் கடைசியில் சுவரோரம் தனியாக உட்காரவைத்தார். அங்கே பாடம் பாதிதான் காதில் விழும். கேட்ட கேள்விக்குத் திருதிருவென்று விழித்து, மண்டு என்று பேர் வாங்கினேன். "காதும் கேக்கல, படிப்பும் ஏறல. இந்தப் பரீட்சையோட நிறுத்திட்டு முந்திரிக்கொட்டை பொறுக்கப் போகட்டும்" என்று அப்பா முடிவு கட்டிவிட்டார். பள்ளிக்கூடத்தை விட்டால் செத்தே போவேன் என்றிருந்தது எனக்கு.

நர்ஸம்மா ஒருநாளும் மூக்கைப் பொத்தியதில்லை. பஞ்சு சுற்றிய குச்சியால் துடைத்து, மருந்து விட்டு, மறுபடி துடைத்து, கடைசியில் என் காதருகே குனிந்து மோந்து பார்ப்பார். அவ்வளவு நெருக்கத்தில் வந்த வெளி மனுஷி அவர் ஒருவர்தான். இப்போது பேத்தியைக் கூட்டிப்போகும் ஆஸ்பத்திரியில் காதுக்குள் விளக்கு விட்டுப் பார்க்கிறார்கள். நல்ல வைத்தியம்தான், குறை சொல்லவில்லை. ஆனாலும் டாக்டர் குனியும்போது எனக்கு நர்ஸம்மா நினைப்பு வந்து நெஞ்சு நிறைந்துவிடுகிறது.

இவ்வளவு பார்த்தும் ஒவ்வொரு புதனும் காது பழையபடி ஒழுகும். ஒருநாள் மோந்தவர் நிமிர்ந்து, "நல்லெண்ணெ வாடை வருதே பாப்பா, யாரு ஊத்துறது?" என்றார்.

"எங்கம்மாதாங்க. வெள்ளிக்கெழம தலைக்கு ஊத்தயில, பூண்டு போட்டுக் காச்சி காதுலயும் விடும்."

நர்ஸம்மா வரச்சொல்லி, மறுவாரம் அம்மா பயந்துகொண்டே வந்தாள். நர்ஸம்மா திட்டவில்லை. "ஒங்க எண்ணெ தலையோட நிக்கட்டுங்க. காதப் பஞ்சு வச்சு அடைச்சிருங்க, அத நான் பாத்துக்கிறேன்" என்று சிரித்தார். அந்த வெள்ளிக்கிழமை அம்மா எண்ணெய்க் கிண்ணத்தோடு மனசு கேட்காமல் கொஞ்சநேரம் நின்றாள். பிறகு கீழே வைத்துவிட்டாள்.

காது வற்றத் தொடங்கியது. பரீட்சைக்கு முந்தைய ஒரு புதனன்று நர்ஸம்மா வெகுநேரம் மோந்து பார்த்தார். என் கையைப் பிடித்து வகுப்புக்குள் கூட்டிப்போய், மணியக்காரர் மகளை எழுப்பி, "நீ மோந்து பாரு" என்றார்.

அவள் முகத்தைச் சுளித்தபடியே குனிந்தாள். அவள் மூச்சு என் காதில் பட்டது.

"ஒண்ணும் நாறலீங்க."

வாத்தியார் வாயைத் திறக்குமுன் அவளே பலகையில் நகர்ந்து எனக்கு இடம் விட்டாள். அன்று பாடம் முழுசாகக் கேட்டது. பரீட்சையிலும் தேறினேன். லீவில் முந்திரித் தோப்புக்குப் போனேன், அவளோடு பழம் தின்ன. பள்ளிக்கூடம் திறந்த அன்று அப்பாவே என் பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார்.