தும்மல் சீன்

மறுவீட்டுக்கு வந்த புது ஜோடியைச் சினிமாவுக்கு அனுப்பாவிட்டால் எங்கள் சங்கரன்கோவிலில் அது மறுவீடே இல்லை. தனியாகவும் அனுப்ப மாட்டார்கள். பெண்ணுக்குத் துணையாக ஒரு தோழி போக வேண்டும். அந்தப் பாழாய்ப்போன தோழி நான்தான்.

அவளும் நானும் ஒரே தெரு, ஒரே பள்ளிக்கூடம், பிறகு ஒரே டைப் இன்ஸ்டிடியூட். அங்கே ஒருத்தன் மேல் அவளுக்கு ஆசை. வேறு சாதி. தெரிந்தால் அவள் அண்ணன்மார் அவளையும் அவனையும் உயிரோடு விட மாட்டார்கள். நான் கூட்டிச் சொல்லவில்லை. டைப் பரீட்சைக்கு ராஜபாளையம் போன அன்று, பரீட்சை முடிந்த கையோடு அவர்கள் இருவரும் மேட்னிக்குப் போனார்கள். என் அக்காவை அந்த ஊரில்தான் கட்டிக்கொடுத்திருந்தது. ஆனால் அங்கே போனால் "அவ எங்கட்டி?" என்று கேட்பாள். அதனால் பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் வெயில் தாழும்வரை உட்கார்ந்திருந்தேன்.

புதுப்படம். காதல், கூட்டாளிகள், கடைசியில் ஒரே பந்தலில் எல்லாருக்கும் கல்யாணம். பஸ் சிவகிரியைத் தாண்டியும் அவள் கதையை நிறுத்தவில்லை. அதிலும் அந்தத் தும்மல் சீன்! காதலர்களைச் சேர்த்துவைக்கக் கூட்டாளி ஒருவன் பெண் வேஷம் கட்டி மணவறையில் உட்காருவானாம். தாலி கட்டப் போகிற நேரம் தும்மிவிடுவானாம். ஒட்டு மூக்குத்தி தெறித்து ஐயர் வாயில் விழுமாம். "ஏட்டி, அவரு அதை முழுங்கிட்டு மந்திரத்தை விடாமச் சொல்லுதாரு பாரு!" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். கண்டக்டரே திரும்பிப் பார்த்தார்.

சில மாதங்களில் அவளுக்குச் சிவகிரி மாப்பிள்ளையைப் பேசி முடித்துவிட்டார்கள். டைப் இன்ஸ்டிடியூட் பையன் ஊரை விட்டே போய்விட்டான். எந்தக் கூட்டாளியும் வேஷம் கட்டி வரவில்லை. மாப்பிள்ளை ஆபீஸ் உத்தியோகம். கெட்டவர் இல்லை, ஆனால் எதையும் இரண்டு தடவை கேட்கிற ஆள். அவருடைய சித்தப்பா மகனுக்கு என்னைக் கேட்டிருந்தார்கள். பூ வைக்க நாள் பார்ப்பதுதான் பாக்கி. எனக்கும் சந்தோஷம்தான், இதில் மறைக்க என்ன இருக்கிறது? தோழியும் நானும் ஒரே குடும்பத்துக்குப் போகிறோம் என்று மிதந்துகொண்டிருந்தேன்.

அவர்கள் மறுவீட்டுக்கு வந்தபோது எங்கள் ஊர்த் தியேட்டரில் ஓடியது அதே படம். வேறு ஊர்களில் ஓடித் தேய்ந்து, அறுந்த இடமெல்லாம் வெட்டி ஒட்டித்தான் எங்களுக்குப் படம் வரும். மணவறையில் மேளம் கொட்டியது. அடுத்த நொடி எல்லாரும் பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். தும்மல் சீனே இல்லை. திரும்பி அவளைப் பார்த்தேன். திரையைப் பார்த்தபடி கண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். ராஜபாளையத்தில் பார்த்த படம்தான் அவளுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

வெளியே வந்து கலர் குடிக்கும்போது மாப்பிள்ளை ஆசையாகக் கேட்டார். "கல்யாணமானதுலேருந்து வாயே திறக்கல. படம் எப்படின்னாவது சொல்லு."

"அந்தத் தும்மல்தான்! மூக்குத்தி போயி ஐயர் வாயில விழுந்துச்சே!" என்று சொல்லிச் சிரித்தாள் பாவி. கல்யாணத்துக்குப் பிறகு அவள் சிரித்த முதல் சிரிப்பு அது.

"அது எங்க வந்துச்சு?" என்றார். பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு இன்னொரு தடவை கேட்டார். "அப்படி ஒண்ணும் வரலையே?"

நான் முந்திக்கொண்டேன். "நான்தாண்ணே கதை சொன்னேன். பரீட்சைக்குப் போனப்ப ராஜபாளையத்துல பாத்தேன்."

"யார் கூட?"

"அக்கா கூட."

அவர் முகம் தெளிந்தது. அவள் என் விரல்கள் நசுங்கும்படி கையைப் பிடித்துக்கொண்டாள். வீடு வரும்வரை விடவில்லை.

பிறகு ஏதோ ஒரு விசேஷத்தில் அவர் என் அக்காவைப் பார்த்திருக்கிறார். பேச்சுவாக்கில் படத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறார். அக்காவுக்கு ஒன்றும் தெரியாது. "சினிமாவா? எங்க வீட்டுக்காரருக்கு அது ஆகவே ஆகாது. நான் எங்க போனேன்?" என்றிருக்கிறாள். அவ்வளவுதான். சித்தப்பா வீட்டார் பின்வாங்கினார்கள். போனவர்கள், என் தோழியிடம் அவள் மாமியார் விசாரித்தபோது அவள் சொன்ன பதிலையும் எங்கள் வீட்டில் சொல்லிவிட்டுப் போனார்கள்.

"அவ யார் கூடப் போனாளோ, எனக்கு என்ன தெரியும்? நான் பஸ் ஸ்டாண்டு பெஞ்சுலதான் உக்காந்திருந்தேன்."

என் பெஞ்சு! நான் வெயிலில் காய்ந்த அந்தப் பெஞ்சையும் எடுத்துக்கொண்டாள். அப்பா செருப்பைக் கழற்றினார். வாங்கிக்கொண்டேன். உண்மையைச் சொன்னால் அன்றைக்கே மாப்பிள்ளை வீட்டார் அவளைக் கொண்டுவந்து அண்ணன்மாரிடம் விட்டுவிடுவார்கள். அவள்மேல் எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. ஆனாலும் அவளைக் கொலைக்குக் கொடுக்க மனசு வரவில்லை.

கடைசியில் ராயகிரியில் ரெண்டாந்தாரமாகக் கொடுத்தார்கள். ராஜபாளையத்தில் எவனோடோ படம் பார்த்தவள் என்ற பேச்சு அங்கேயும் எனக்கு முன்னால் போயிருந்தது. "ராஜபாளையத்துல நான் அந்தப் படத்தைப் பார்க்கவே இல்ல, எங்க ஊருல பார்த்ததுல அந்தத் தும்மல் சீனே கிடையாது" என்று என் வீட்டுக்காரரிடம் சத்தியம் செய்தேன். "சரி, விடு" என்றார். அப்புறம் அதை எடுக்கவே இல்லை. நல்ல மனுஷன். வயலும் மாடும் பிள்ளைகளுமாக நாங்கள் நன்றாகத்தான் இருந்தோம்.

ஊருக்குப் பஞ்சாயத்து டிவி வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தெருவே கூடி உட்கார்ந்திருந்தபோது அந்தப் படத்தைப் போட்டான். வெட்டாத படம். முழுசாக முதல்முறையாகப் பார்த்தேன். இத்தனை சிரிப்பா என்று நானும் எல்லாரோடும் சேர்ந்து விழுந்து விழுந்து சிரித்தேன். மணவறை வந்தது. மேளம் கொட்டியது. சிரிப்பு அடங்காமல் பக்கத்திலிருந்த என் வீட்டுக்காரர் தோளைத் தட்டினேன்.

"இப்ப தும்முவான் பாருங்க, மூக்குத்தி போயி ஐயர் வாயில விழும்!"

தும்மினான். விழுந்தது. தெருவே சிரித்தது. அவர் மட்டும் திரும்பி என்னைப் பார்த்தார்.

"அப்ப அது நிசந்தான்" என்றார்.